மூழ்க முடியாத ஆவுளியா

மூன்றாம் தொட்டியின் அபாய மணி அலறியபோது, டாக்டர் தமயந்தி இடியாப்பத்தின் மேல் தேங்காய்ப்பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். பால் தட்டைத் தாண்டி மேசையில் ஓடியது. அதைத் துடைக்க அவள் அங்கே இல்லை. இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

தொட்டியில் இருளாயி முன்பே குதித்திருந்தாள். சேலைக்கு மேல் போட்ட ஆண்பிள்ளைச் சட்டை தண்ணீரில் குடை போல விரிந்திருக்க, குட்டியின் தலையை இரண்டு கையாலும் தாங்கி மூக்கை மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். குட்டியின் வயிறு பானை போல உப்பியிருந்தது.

"ஊதிப் போச்சு டாக்டரம்மா! பந்து கணக்கா மெதக்குறா. அமுக்குனாலும் உள்ள போக மாட்டேங்குறா!"

"அப்படியே பிடிங்கக்கா. விட்டுடாதீங்க, கவிழ்ந்துடுவா."

தமயந்தியும் இறங்கினாள். மெல்லிய குழாயைச் செலுத்தி, வயிற்றில் அடைத்திருந்த வாயுவை வெளியேற்ற இருபது நிமிடம் ஆனது. நாற்றம் தாங்காமல் மேலே நின்றிருந்த இரண்டு உதவியாளர்கள் நகர்ந்துபோனார்கள். இருளாயி நகரவில்லை. "போகட்டும்டி செல்லாயி, எல்லாம் போகட்டும்" என்று குட்டியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

பதிவேட்டில் அந்தக் குட்டியின் பெயர் ம-1. செல்லாயி என்பது இருளாயி வைத்த பெயர். இயக்குநர் சத்தியசீலன்கூட இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறார்.

அது ஆவுளியாக் குட்டி. கடல்பசு என்று பாடப்புத்தகத்தில் படம் இருக்கும். எட்டு வருடத்துக்கு முன் கடல் கொதித்த அந்தக் கோடையில், கடலடிப் புல் எல்லாம் வெந்து அழுகிப் போனது. புல்லைத் தவிர வேறெதுவும் தின்னத் தெரியாத ஆவுளியாவும் அதோடு முடிந்தது. மன்னார் வளைகுடாவில் மட்டுமல்ல, செங்கடலிலும் ஆஸ்திரேலியாவிலும் அதே கதைதான். பிறகு புல் திரும்ப முளைத்துவிட்டது. தின்னத்தான் ஆள் இல்லை.

அதற்காகத்தான் சங்குமுனைக் கரையில் இந்த மறுபிறப்பு நிலையம். குளிர்பெட்டியில் பாதுகாத்த பழைய உயிரணுவை எடுத்து, செயற்கைக் கருப்பையில் பதின்மூன்று மாதம் வளர்த்து, தொண்ணூற்று நான்கு நாளுக்கு முன் செல்லாயியை வெளியே எடுத்தார்கள். உலகமே கைதட்டியது. பால் குடித்தவரை நன்றாகத்தான் இருந்தாள். புல் தின்ன ஆரம்பித்ததும் வினை வந்தது. தின்ற புல் செரிக்கவில்லை. வயிற்றில் புளித்து வாயுவாகி, குட்டியைத் தக்கை போல மேலே தூக்கிவிட்டது. மூழ்க முடியாவிட்டால் அடியில் முளைக்கும் புல்லை எட்ட முடியாது. எட்ட முடியாத ஆவுளியா பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

"எத்தனை நாள் தாங்கும்?" என்று சத்தியசீலன் தொட்டியின் விளிம்பில் குந்தியபடி கேட்டார்.

"மாவுப்பால் இப்ப குடலைப் புண்ணாக்குது சார். மூணு வாரம். அதுக்குள்ள இவ புல் தின்னு செரிக்கணும்."

சத்தியசீலன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்துக் கூடத்தில் ஐந்து கருப்பைகளில் ஐந்து குட்டிகள் வளர்ந்துகொண்டிருந்தன. செல்லாயி பிழைக்காவிட்டால் அந்த ஐந்தையும் நிறுத்திவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்துவிட்டது. அது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"ஆமையோட பாக்டீரியா கொடுத்தோமே தமயந்தி. அதுவும் இதே புல்லைத்தானே தின்னுது?"

"ஒரே ஓட்டல்ல சாப்பிடுறதால ரெண்டு பேரும் சொந்தக்காரங்க ஆயிட முடியாது சார்."

"புரியிற மாதிரி சொல்லுங்க."

தமயந்தி நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்.

"நாம தின்னுறதை நாம மட்டும் செரிக்கல. குடல்ல இருக்குற கோடிக்கணக்கான பாக்டீரியாவும் சேர்ந்துதான் செரிக்குது. குட்டிக்கு அதைக் கொடுக்குறது தாய். தாயோட சாணத்தைக் கொஞ்சம் கொறிச்சுத்தான் ஆவுளியாக் குட்டி தன் வயித்தை நிரப்பிக்கும். நம்ம செல்லாயிக்குத் தாய் ஒரு எஃகுத் தொட்டி. அதைத் தேய்ச்சுக் கழுவி வேற வெச்சிருந்தோம்."

"அதனாலதான் ஆமை..."

"ஆமை ஊர்வன. அதோட பாக்டீரியா அந்த வம்சத்தோடயே கோடிக்கணக்கான வருஷமா ஒட்டி வளர்ந்தது. ரெண்டு மீன் ஒரே வம்சம்னா, ஒண்ணு இந்தக் கடல், ஒண்ணு அந்தக் கடல்னாலும் வயிறு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். வேற வேற வம்சம்னா, ஒரே பாறையில குடியிருந்தாலும் வயிறு வேற. அதனால செல்லாயிக்குச் சாப்பாட்டுத் தோழன் வேண்டாம். ரத்த சொந்தம் வேணும்."

தொட்டிக்குள் இருந்து இருளாயி நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப என்னத்தத் திங்கிறோம்கிறது பெருசில்ல, யாருக்குப் பொறந்தோம்கிறதுதான் பெருசுங்கிறீக. எங்க ஊருலயும் அப்படிப் பேசுற ஆளுக உண்டு டாக்டரம்மா. அவுகள நாங்க கல்யாண வீட்டுக்குக்கூடக் கூப்புடுறதில்ல."

சத்தியசீலன் இருமலை வைத்துச் சிரிப்பை மறைத்தார். தமயந்தியின் முகம் சிவந்துவிட்டது.

"ஐயோ அக்கா, அது பாக்டீரியாவுக்கு மட்டும்! மனுஷங்க எல்லாரும் ஒரே இனம். உங்க வயிறும் என் வயிறும் ஒண்ணுதான்."

"அப்படிச் சொல்லுங்க. சரி, இவளுக்குச் சொந்தம் யாரு?"

"அமெரிக்கப் பக்கம் மானட்டின்னு ஒண்ணு இருந்துச்சு. அதுவும் போயிடுச்சு. இப்ப உயிரோட இருக்குற சொந்தத்துல ரொம்ப நெருங்கினது..." தமயந்தி ஒரு நொடி தயங்கினாள். "யானை."

இருளாயி குட்டியைப் பார்த்தாள். பிறகு தமயந்தியைப் பார்த்தாள். "வெயில்ல நிக்காதீக டாக்டரம்மா. உள்ள போயி தலையத் தொவட்டுங்க" என்றாள்.

*

நீலகிரி அடிவாரத்து முகாமில் அல்லி என்ற பெண் யானை இருந்தது. அதன் பாகன் கெம்பன், திரையில் தோன்றியதுமே கேள்வி கேட்டார்.

"கடலுக்கு எதுக்கும்மா யானைச் சாணம்?"

தமயந்தி விளக்கினாள். கெம்பன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, திரும்பி அல்லியிடம் ஏதோ சொன்னார். அல்லி காதை ஆட்டியது.

"சொல்லிட்டேன். கடல்ல உனக்கு ஒரு தங்கச்சி மக இருக்காளாம், வயித்து வலியாம்னு. ஆனா இன்னைக்கு எடுக்க வேண்டாம். காலையில பலாப்பழக் கொட்டகையில பூந்துட்டா. அந்தச் சாணத்தைக் கொடுத்தா உங்க குட்டி இன்னும் ஊதிடும். ரெண்டு நாள் வெறும் புல்லு போட்டு அனுப்புறேன்."

"ரொம்ப நன்றிங்கய்யா."

"குட்டி தேறிட்டா ஒரு போட்டோ அனுப்புங்க. அல்லிக்குக் காட்டணும்."

மூன்றாம் நாளிலிருந்து, காற்றுப் புகாத பெட்டியில் அடைத்த சாணம் காலை எட்டு மணிக்கு டிரோனில் வந்து இறங்கியது. தமயந்தி அதை வடிகட்டிக் களியாக்குவாள். இருளாயி அந்தக் களியைப் புல்லில் தடவி ஊட்டுவாள். வேறு யார் கையிலிருந்தும் செல்லாயி வாங்குவதில்லை.

இருளாயியை அந்த வேலைக்கு எடுத்ததே புல்லுக்காகத்தான். முப்பது வருடமாகத் தீவுகளைச் சுற்றி முங்கிக் கடற்பாசி எடுத்து விற்றவள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, காலில் துடுப்பு போலத் தகரத் தட்டைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி இறங்கினால் எந்தப் பள்ளத்தில் என்ன முளைத்திருக்கிறது என்று கையாலேயே சொல்வாள். இப்போதும் தினம் விடியலில் தன் கூட்டத்துப் பெண்கள் பத்துப் பேரோடு படகேறி, செல்லாயிக்குப் பசும்புல் பிடுங்கி வந்துவிட்டுத்தான் தொட்டிக்கு வருவாள்.

களி ஊட்டத் தொடங்கி ஐந்து நாள் ஆனது. மணி இரண்டு தடவை அலறியது. எடை இறங்கிக்கொண்டே போனது.

ஆறாம் நாள் மதியம் தமயந்தி தொட்டியோரம் உட்கார்ந்து, எடைக் கணக்கை வெறித்துக்கொண்டிருந்தாள். இருளாயி பக்கத்தில் வந்து உட்கார்ந்து சோற்று வாளியைத் திறந்தாள். கருவாட்டுக் குழம்பு.

"ஒரு வாய் சாப்புடுங்க. நீங்களும் சேந்து எளைச்சா யாரு பாக்குறது?"

"தப்புக் கணக்குப் போட்டுட்டேனோன்னு இருக்குக்கா. யானையும் ஆவுளியாவும் பிரிஞ்சு ஆறு கோடி வருஷம் ஆச்சு. சொந்தம்தான், ஆனா ரொம்பத் தூரத்துச் சொந்தம்."

"அப்ப இதுக்கு மேல?"

"மேல ஒண்ணும் இல்ல. ஒரு ஆவுளியாவோட சாணம் ஒரு கைப்பிடி கிடைச்சிருந்தா இந்த ஆராய்ச்சியே தேவையில்ல. இங்க மட்டும் இல்ல, செங்கடல் நிலையத்துல ரெண்டு குட்டி, ஆஸ்திரேலியாவுல மூணு. எல்லாம் இப்படித்தான் மிதந்துக்கிட்டு இருக்கு. நான் என்ன சொல்றேன்னு பார்த்துக்கிட்டு இருக்காங்க."

இருளாயி சோற்று வாளியை அவள் பக்கம் நகர்த்தினாள். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பதினாலு வருசத்துக்கு முந்தி இங்க ஆவுளியா இருக்குன்னு கணக்கெடுத்து எழுதுனாக. எழுதுன மறுமாசமே தீவுப் பக்கம் யாரும் போகக் கூடாதுன்னு கடல மூடிட்டாக. நாங்க பாசி எடுத்தா ஆவுளியா மெரண்டுருமாம். நாங்களும் அதுவும் ஒரே பள்ளத்துல முங்கி எந்திரிச்ச ஆளுக. ஆறு வருசம் மூடிக் கெடந்துச்சு. எந்தங்கச்சி குடும்பம் செங்கச் சூளைக்குப் போச்சு. அவ நெஞ்சுச்சளி வந்து அங்கேயே போயிட்டா. அப்பறம் ஆவுளியா செத்துப் போச்சுன்னு எழுதித்தான் கடலத் தெறந்து விட்டாக."

"உங்க தங்கச்சி விஷயம் எனக்குத் தெரியாதுக்கா."

"தெரிஞ்சு என்ன செய்யப் போறீக? சாப்புடுங்க. கொழம்பு ஆறிப்போச்சுன்னா கவிச்சையடிக்கும்."

*

ஒன்பதாம் நாள் மணி அலறவில்லை. பத்தாம் நாளும் அலறவில்லை. பதினோராம் நாள் காலை, தொட்டியை எட்டிப் பார்த்த தமயந்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்ணீருக்கு மேல் குட்டியைக் காணோம்.

ஓடிப்போய்க் கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்தாள். அடியில், மணலில் நட்ட புல்வரிசையின் நடுவே செல்லாயி இருந்தாள். மூக்கை மணலில் புதைத்து, புல்லை வேரோடு பிடுங்கி, இரண்டு பக்கமும் ஆட்டி மண்ணை உதறிவிட்டு மென்றாள். அவள் போன வழியெல்லாம் உழுத சால் மாதிரி கோடு விழுந்திருந்தது. மூச்செடுக்க மேலே வந்தாள். 'புஸ்' என்று ஒரு சத்தம். மறுபடி கல் போல உள்ளே போய்விட்டாள்.

தமயந்தி கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். சத்தியசீலன் ஓடி வந்தார். அறுபது வயது மனிதர், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு குதித்தார்.

"மூழ்கிட்டா! தமயந்தி, மூழ்கிட்டா!"

வேறெங்கும் இந்த வார்த்தைக்கு இப்படி ஒரு சந்தோஷம் கிடைத்திருக்காது. நிலையம் முழுக்க லட்டு வந்தது. கெம்பனுக்குப் படம் போனது. அல்லி அதைத் தும்பிக்கையால் தடவிப் பார்த்ததாகப் பதில் வந்தது. 'யானை காப்பாற்றிய கடல்பசு' என்று தலைப்புப் போட்டுப் பத்திரிகைச் செய்தியைத் தயார் செய்துவிட்டார் சத்தியசீலன்.

"மாலை நாலு மணிக்கு அனுப்பிடலாம். செங்கடல்காரங்களும் ஆஸ்திரேலியாவும் யானைச் சாணத்துக்கு இப்பவே ஆர்டர் போட்டுட்டாங்க. உங்க அறிக்கை மட்டும் பாக்கி."

அறிக்கைக்குச் செல்லாயியின் குடலிலிருந்து எடுத்த மாதிரி வேண்டும். தமயந்தி அதை உறவுமானியில் வைத்தாள். குடல் நுண்ணுயிர்களைப் படித்து, அவை எந்த வம்சத்து வயிற்றில் வளர்ந்தவை என்று மரமாக வரைந்து காட்டும் கருவி அது. ஒரு கிளையில் ஆமை வரும், ஒரு கிளையில் திமிங்கலம் வரும். அல்லியின் சாண மாதிரி ஏற்கெனவே அதில் பதிவாகியிருந்தது.

நாற்பது நிமிடத்தில் மரம் வந்தது. அல்லியின் கிளையில் செல்லாயி இல்லை.

கருவியைத் துடைத்து மறுபடி வைத்தாள். அதே மரம்தான். செல்லாயியின் வயிற்றில் அல்லியின் நுண்ணுயிர் நூற்றில் ஒன்றுகூட இல்லை. அல்லியின் கிளைக்குப் பக்கத்தில் இதுவரை இல்லாத ஒரு புதிய கிளை முளைத்திருந்தது. கீழே மூன்று வரி: யானை அல்ல. யானைக்கு உறவு. பதிவில் இல்லை.

யானைக்கு உறவு. கடற்புல்லைச் செரிக்கும் வயிறு.

தமயந்தி மெல்ல நாற்காலியில் சாய்ந்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இரண்டரை. எழுந்து வெளியே நடந்தாள்.

*

கரையில் பாசிப் பெண்கள் படகை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். சட்டைகளை மணலில் காயப்போட்டிருந்தார்கள். தமயந்தியைக் கண்டதும் ஒருத்தி, "லட்டு டாக்டரம்மா வர்றாக!" என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். இருளாயி மட்டும் தமயந்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து, படகின் மறுபக்கம் வந்தாள்.

"எழுதிட்டீகளா?"

"இன்னும் இல்லக்கா. ஒண்ணு கேட்கணும். யானைச் சாணக் களி எங்கே போச்சு?"

இருளாயி சேலைத் தலைப்பை முறுக்கினாள். "மொத ஆறு நாளு ஒழுங்காத்தான் குடுத்தேன்."

"அப்புறம்?"

"முருங்கை மரத்துக்குப் போச்சு. நல்லா பூ விட்டிருக்கு."

"குட்டிக்கு என்ன கொடுத்தீங்க?"

அலை வந்து இருவர் காலையும் நனைத்துவிட்டுப் போனது.

"சாணி சாணிதானே" என்றாள் இருளாயி கடைசியில். "அதுமேல பேரா எழுதியிருக்கும்னு நெனச்சேன்."

"எழுதியிருக்குக்கா. பேர் மட்டும் இல்ல, குலம் கோத்திரம் எல்லாம் எழுதியிருக்கு. அதைப் படிக்கத்தான் அந்த மெஷின்."

இருளாயியின் முகம் வெளிறியது. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு கெழட்டு ஆவுளியா டாக்டரம்மா. ஒண்ணே ஒண்ணு. எப்பயோ கண்ணுல படும். அதோட சாணி மேல மெதந்து வரும், குதிரைச் சாணி கணக்கா. அத அள்ளிக்கிட்டு வந்தேன். அன்னைக்கு நீங்க கைப்பிடி கெடச்சா போதும்னு சொன்னீகளா... ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கம் வரல. புள்ள கண்ணு முன்னாடி சாகுது. நான் வாய மூடிக்கிட்டு இருந்தா அது நான் கொன்ன மாதிரி. வாயத் தெறந்தா இந்தப் பத்துப் பேரு வயித்துல நான் அடிச்ச மாதிரி. என்ன செய்வேன்? அதான் வாயத் தெறக்காம கையால மட்டும் குடுத்தேன்."

தமயந்தி படகின் விளிம்பில் இருந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கே கடல மூடுவாகளா?" என்று கேட்டாள் இருளாயி.

"இருக்குன்னு எழுதினா மூடுவாங்க. எழுதாம யானைன்னு விட்டுட்டா, செங்கடல்லயும் ஆஸ்திரேலியாவுலயும் அஞ்சு குட்டிக்கும் யானைச் சாணத்தைக் கொடுத்துச் சாகடிப்பாங்க. நம்ம கூடத்துல வளர்ற அஞ்சுக்கும் அதே கதிதான்."

"அப்ப எழுதிருங்க" என்றாள் இருளாயி. "பத்துப் புள்ளைக செத்துத்தான் நாங்க பாசி எடுக்கணும்னு இல்ல."

தமயந்தி மணலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் ஈர மணலில் விரலால் எதையோ கிறுக்கினாள். திடீரென்று நிமிர்ந்தாள்.

"அக்கா, மனுஷங்களுக்குக் கூட இந்த வைத்தியம் உண்டு. ஒருத்தர் குடல் பாக்டீரியாவை இன்னொருத்தருக்குக் கொடுக்குறது. அதுக்கு ஒரு சட்டம் இருக்கு. கொடுத்தவர் சம்மதிக்காம அவர் பேரு, இருப்பிடம், அடையாளம் எதையும் வெளியிடக் கூடாது. அரசாங்கமே கேட்டாலும் கூடாது."

"அதுக்கு?"

"கொடுக்குறவர் மனுஷனா இருக்கணும்னு அந்தச் சட்டத்துல ஒரு இடத்துலயும் போடல."

இருளாயி புரியாமல் பார்த்தாள். பிறகு கண் மெல்ல அகன்றது.

"அந்த ஆவுளியாகிட்ட சம்மதம் யாரு கேக்குறது?"

"அதான்! கேட்க முடியாது. அதனால வெளியிடவும் முடியாது. யானை தோத்துப் போச்சு, என் கணக்குப் பாதிதான் சரி, வேற கொடையாளி கிடைச்சிருக்குன்னு உண்மையையே எழுதுறேன். நீங்க அள்ளிட்டு வர்றதை நான் பாக்டீரியா வங்கியில சேர்த்து எல்லா நிலையத்துக்கும் அனுப்புறேன். எங்கேன்னு நான் கேட்க மாட்டேன்."

"உங்க பேரு கெட்டுப் போகாதா? யானைன்னு சொன்னது நீங்கதானே?"

"கெடட்டும். கெம்பன்கிட்ட மட்டும் என்ன சொல்றதுன்னுதான் தெரியல. அல்லி வேற போட்டோ பார்த்துட்டாளாம்."

இருளாயி குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். படகின் அந்தப் பக்கம் பேச்சுச் சத்தமே இல்லாததைத் தமயந்தி அப்போதுதான் கவனித்தாள். பத்துப் பெண்களும் மூச்சை அடக்கி ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூச்சடக்குவதில்தான் அவர்களுக்கு நல்ல பழக்கமாயிற்றே.

"ஒரு சந்தேகம்கா. கடல் கொதிச்ச பிறகு ரெண்டு தடவ கணக்கெடுத்தாங்களே. எப்படித் தப்பிச்சது?"

"கணக்கெடுக்க வந்த படகுக்கு வழி காட்டுனதே நாங்கதானே டாக்டரம்மா."

இப்போது தமயந்தியின் முறை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மணி மூன்றைத் தாண்டியிருந்தது. சத்தியசீலன் செய்தியை அனுப்புவதற்குள் போய்த் தடுக்க வேண்டும். எழுந்து மணலைத் தட்டியவள், இரண்டு அடி போய்த் திரும்பினாள்.

"அடுத்த வருஷம் செல்லாயியைக் கடல்ல விட்டுடுவோம். அதை நினைச்சாத்தான் கஷ்டமா இருக்கு. இவ்வளவு பெரிய கடல்ல ஒரே ஒரு கிழத்தோட இவ எப்படித் தனியா இருப்பா?"

இருளாயி படகுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்களைப் பார்த்தாள். அவர்களில் மூத்தவள் சரி என்பது போலத் தலையை அசைத்தாள்.

"தனியாவா? பதினாலு உருப்படி மேயுது டாக்டரம்மா. போன பௌர்ணமிக்கு ஒருத்தி குட்டி வேற போட்டிருக்கா, இவளுக்கு வெளாட ஆளு ரெடி."